ஆட்சி மாற்றமும் அவைப்பண்பும்

வென்றவன் மகிழ்வதற்குப் பண்பு தேவையில்லை. தோற்றவன் வருந்துவதற்கும் பண்பு தேவையில்லை. அவை இரண்டும் உடம்போடு பிறந்த இயற்கை. ஆனால், வென்றவனும் தோற்றவனும் ஒரே மேடையில், ஊரும் உலகும் பார்த்திருக்க, அருகருகே அமர்ந்திருப்பதற்குப் பண்பு தேவைப்படுகின்றது. அப்பண்பு தானே முளைப்பதன்று; முயன்று பழகிப் பெறுவது. ஒரு நாட்டில் குடியாட்சி எத்துணை ஆழமாக வேர்விட்டுள்ளது என்று அறிய விரும்புவார், அந்நாட்டின் சட்ட நூல்களைப் புரட்டுமுன், அந்த மேடையை ஒருமுறை உற்றுநோக்குதல் வேண்டும்.

முடியாட்சிக் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதும் எழுந்ததில்லை. முன்னை மன்னன் இறந்த பின்னர்ப் பின்னை மன்னன் முடிசூடினான். அன்றேல், முன்னவனைக் கொன்றோ, சிறையிட்டோ, நாட்டைவிட்டுத் துரத்தியோ பின்னவன் அரியணை ஏறினான். நேற்று ஆண்டவனும் இன்று ஆள்பவனும் உயிரோடும் உரிமையோடும் ஒரே பந்தலின்கீழ் நின்று கைகுலுக்கிக் கொள்ளும் காட்சி, குடியாட்சி ஈன்றெடுத்த புதுமை. அந்தப் புதுமையை அமெரிக்க ஒன்றிய நாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திக் காட்டி வருகின்றது. அது நடந்த விதமும், இடையிடையே நடவாமற்போன விதமும், இன்று அஃது எய்தியுள்ள நிலையும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கன.

முதற்கண் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அந்நாட்டு அரசியலமைப்பு, புதிய தலைவர் 35 சொற்கள் கொண்ட ஓர் உறுதிமொழியைக் கூறவேண்டும் என்கின்றது. 1933-ஆம் ஆண்டில் நிறைவேறிய இருபதாம் திருத்தம், சனவரி 20-ஆம் நாள் நண்பகலில் முன்னவரின் காலம் முடிந்து பின்னவரின் காலம் தொடங்கும் என்கின்றது. அவ்வளவே! முன்னவர் விழாவுக்கு வரவேண்டும் என்றோ, வந்தவரை வணங்கி வரவேற்க வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் கூறவில்லை. வாராவிட்டால் தண்டனை இல்லை. வந்தால் பரிசும் இல்லை. சட்டம் கைவிட்ட அந்த இடத்தை மரபு ஒன்றுதான் தாங்கி நிற்கின்றது.

முதல் அடியும் முதல் சறுக்கலும்

1797-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள், பிலடெல்பியா நகரில் சான் ஆடம்சு இரண்டாம் தலைவராகப் பொறுப்பேற்றார். எட்டு ஆண்டுகள் ஆண்டு, மூன்றாம் முறை நிற்க மறுத்துவிட்ட சார்சு வாசிங்டன் அவ்விழாவுக்கு வந்திருந்தார். விழா முடிந்து அனைவரும் வெளியேறும் வேளையில் வாசிங்டன் நின்றுகொண்டு, புதிய தலைவரும், துணைத் தலைவரான தாமசு செபர்சனும் முதலிற் செல்லுமாறு வழிவிட்டு, அவர்களுக்குப் பின்னரே தாம் நடந்தார் என்று அந்நாட்டு வரலாறு கூறுகின்றது. படைநடத்தி நாட்டை விடுவித்தவர் அவர். விரும்பியிருந்தால் உயிருள்ளவரை ஆண்டிருக்கலாம். ஆயினும், நேற்றுவரை தமக்குத் துணைவராக இருந்தவர் முன்னே செல்ல, தாம் பின்னே நடந்தார். 'இந்த இருக்கை என் உடைமையன்று' என்பதை நூறு சொற்பொழிவுகள் உணர்த்துவதைவிட அந்த ஓரடிப் பின்னடைவு நன்கு உணர்த்திற்று.

அடுத்த முறையே சறுக்கல் நேர்ந்தது. 1800-ஆம் ஆண்டுத் தேர்தல் வசைமாரி நிறைந்த தேர்தல். ஆடம்சு தோற்றார். செபர்சனும் ஆரன் பர்ரும் ஒத்த வாக்குப் பெற்றதால், பேராளர் அவை 36 முறை வாக்கெடுத்த பின்னரே செபர்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1801 மார்ச்சு 4-ஆம் நாள், கீழ்வானம் வெளுக்கு முன்னரே, ஆடம்சு வண்டியேறித் தலைநகரைவிட்டுப் போய்விட்டார். சில திங்களுக்கு முன்னர்த்தான் அவர்தம் மகன் ஒருவரை இழந்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தவர், முகத்தை மட்டும் ஒப்படைக்க மாட்டாமற் போனார். விடுதலைப் போரில் தோளோடு தோள் நின்ற அவ்விருவரும் பத்தாண்டுகளுக்கு மேல் பேச்சற்றிருந்தனர். நண்பர் ஒருவரின் இடைவிடா முயற்சியால் 1812-இல் மீண்டும் மடல் எழுதிக்கொள்ளத் தொடங்கினர். 1826 சூலை 4-ஆம் நாள், விடுதலை அறிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், இருவரும் ஒரே நாளில் மறைந்தனர்.

ஆடம்சின் மகன் சான் குவின்சி ஆடம்சும் தந்தையின் வழியையே பின்பற்ற நேர்ந்தது. 1828-இல் அவரைத் தோற்கடித்த ஆண்ட்ரூ சாக்சன், தேர்தற் காலத்தில் தம் துணைவியார்மேல் வீசப்பட்ட இழிமொழிகளே அவரைக் கொன்றன என்று நம்பினார். அவ்வம்மையார் 1828 திசம்பரில் இறந்திருந்தார். தலைநகர் வந்த சாக்சன், மரபுப்படி ஆடம்சைச் சென்று காணவில்லை. ஆடம்சும் 1829-ஆம் ஆண்டுப் பொறுப்பேற்பு விழாவுக்குச் செல்லவில்லை. பின்னர் 1869-இல், ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் பதவிநீக்கத்தினின்று தப்பியிருந்த ஆண்ட்ரூ சான்சனோடு ஒரே வண்டியிற் செல்லக் கிராண்ட்டு உடன்படவில்லை. சான்சன் விழாவுக்குப் போகாமல் வெள்ளை மாளிகையிலேயே இருந்து, இறுதி நேரச் சட்டங்களில் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரு பொதுமை உண்டு. பூசல் கொள்கையளவில் நிற்கவில்லை. குடும்பம், மானம், தனியொருவரின் பெயர் என்று உள்ளே புகுந்து புண்ணாக்கிற்று. கொள்கைப் பகை மேடையிற் கைகுலுக்கும். மானப் பகை கைகுலுக்காது. தேர்தற் களத்தில் நாக்கு எல்லை கடந்தால், விழா மேடையில் கால் வரமறுக்கும். அவைப்பண்பு விழா நாளிற் பிறப்பதன்று. தேர்தல் நாள்களிலேயே அது வாழ்கின்றது அல்லது சாகின்றது.

அன்பில்லாப் பண்பு

'உள்ளத்தில் வெறுப்பை வைத்துக்கொண்டு உதட்டிற் சிரிப்பைக் காட்டுவது பொய்ம்மையன்றோ? அதனினும் வெளிப்படைப் பகை மேலன்றோ?' என்று சிலர் வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. இதற்கு விடை 1933-இலும் 1953-இலும் உள்ளது.

1933 மார்ச்சு 4. நாடெங்கும் வைப்பகங்கள் கதவடைத்துக் கிடந்தன, கோடிக்கணக்கானோர்க்கு வேலையில்லை. தோற்றுப்போன ஊவரும் வென்ற உரூசுவெல்ட்டும் ஒருவரையொருவர் நம்பவில்லை. இடைப்பட்ட திங்கள்களில் தம்மோடு இணைந்து செயற்படுமாறு ஊவர் அழைத்தார், உரூசுவெல்ட்டு மறுத்தார். ஆயினும் அன்று இருவரும் ஒரே திறந்த மகிழுந்தில், ஒரே போர்வையை மடிமேல் இட்டுக்கொண்டு, விழா மேடைக்குச் சென்றனர். ஊவர் இறுகிய முகத்தோடு அமர்ந்திருக்கும் அவ்வொளிப்படம் இன்றும் உள்ளது. அவ்வண்டியில் அன்பு இல்லை; உரையாடலும் மிகுதியாக இல்லை. ஆயினும் அவ்வண்டி சென்றது! சாலையின் இருமருங்கும் நின்ற பல்லாயிரவர், பசியிலும் அச்சத்திலும் இருந்தவர், தோற்றவர் வென்றவரை அழைத்துச் செல்வதைக் கண்டனர். நாடு நிற்கும் என்று நம்புதற்கு அவர்களுக்கு அன்று கிடைத்த சான்றுகளுள் அதுவும் ஒன்று.

1953-இல் ஐசனோவர், தமக்கு முன்னவரான துரூமனை அழைத்துச் செல்ல வெள்ளை மாளிகை வாயிலுக்கு வந்தார். உள்ளே வந்து குளம்பி அருந்துமாறு அழைத்தும் இறங்காமல் வண்டியிலேயே அமர்ந்திருந்தார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, தமக்கு வழிகாட்டியான படைத்தலைவர் மார்சலைக் காத்துப் பேசவிருந்த பகுதியை ஐசனோவர் தம் உரையினின்று நீக்கிவிட்டார் என்பதைத் துரூமன் பொறுக்கவில்லை. துரூமனின் சுடுசொற்களை ஐசனோவரும் பொறுக்கவில்லை. ஆயினும் இருவரும் ஒரே வண்டியிற் சென்றனர். விழா குறைவின்றி நடந்தது.

எனவே, அவைப்பண்பு என்பது அன்பின் வெளிப்பாடு அன்று. அன்புடையார் ஒருவரையொருவர் மதிப்பதற்கு மரபு எதற்கு? அன்பில்லாதவிடத்தும் ஒழுங்கு நிற்க வேண்டும் என்பதற்கே மரபு ஏற்பட்டது. அந்த மேடையில் தோற்றவர் மதிப்பது வென்றவரை அன்று; தீர்ப்பளித்த மக்களை. வென்றவர் மதிப்பதும் தோற்றவரை அன்று. அவருக்கு வாக்களித்த மற்றொரு பாதி மக்களை. இதனை உணர்ந்தால் பொய்ம்மை என்னும் குற்றச்சாட்டு எழாது. வள்ளுவப் பெருந்தகை பண்புடைமை என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வையாமல், நாடும் அரசும் குடியும் பேசப்படும் பொருட்பாலில் வைத்ததன் நுட்பத்தையும் ஈண்டு எண்ணுதல் நலம். பண்பு, தனியொருவரின் அணி மட்டும் அன்று. பொதுவாழ்வின் கட்டுமானப் பொருள்.

பண்பு விளைத்த பயன்கள்

வெறும் சடங்கு என்று தோன்றுவது சிலவேளை பெரும் பயனையும் விளைக்கின்றது. உரூசுவெல்ட்டு ஆண்ட பன்னிரண்டு ஆண்டுகள் ஊவர் ஒதுக்கப்பட்டே இருந்தார். அவர் பெயர் தாங்கிய பேரணையின் பெயரைக்கூட 1933-இல் மாற்றிவிட்டனர். 1945-இல் துரூமன் தலைவரானார். அவர் மாற்றுக் கட்சியினர். ஆயினும் ஒரு மடல் எழுதி ஊவரை அழைத்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்கு உணவு வழங்கிய பட்டறிவு ஊவருக்கு உண்டு என்பதைத் துரூமன் அறிவார். 1946-இல் ஊவர் இந்தியா உட்பட முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று, போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டை நேரிற் கண்டு, யார்க்கு எவ்வளவு கூலம் தேவை என்று கணக்கிட்டுக் கூறினார். 1947-இல் அணைக்கு அவர் பெயரை மீட்டளிக்கும் சட்டத்தில் துரூமன் கையொப்பமிட்டார். ஒரு மடல் எழுதும் பெருந்தன்மை, பசித்த வயிறுகள் பலவற்றுக்குச் சோறாயிற்று.

அத்துரூமனும், வண்டியினின்று இறங்காத ஐசனோவரும், 1963 நவம்பரில் கொலையுண்ட கென்னடியின் இறுதிச் சடங்குக்கு வந்தனர். சடங்கு முடிந்தபின் ஒருங்கே அமர்ந்து நெடுநேரம் உரையாடினர். பத்தாண்டுப் பிணக்கு அன்றோடு தளர்ந்தது. பொதுத் துயரம் அவர்களை ஓரிடத்திற் கொணர்ந்தது. அவ்விடத்திற்கு இருவரும் வரவேண்டும் என்னும் மரபு இல்லையாயின் அத்தளர்ச்சி நேர்ந்திராது.

இவை எல்லாவற்றினும் சிறந்தது போர்டு, கார்ட்டர் ஆகிய இருவர்தம் வரலாறு. 1976-இல் செரால்டு போர்டைக் கார்ட்டர் தோற்கடித்தார். 1977 சனவரி 20-ஆம் நாள் பொறுப்பேற்ற கார்ட்டர், தம் உரையை எடுத்தவுடனே, நாட்டின் புண்ணை ஆற்றுதற்குத் தம் முன்னவர் செய்தவற்றுக்காக அவருக்கு நன்றி கூறினார். போர்டு எழுந்து அந்நன்றியை ஏற்றார். 1981-இல் எகித்து நாட்டுத் தலைவர் அன்வர் சாதாத்து கொல்லப்பட்டபோது, இரேகன் முன்னைத் தலைவர் மூவரையும், நிக்சன், போர்டு, கார்ட்டர் ஆகியோரை, ஒரே வானூர்தியில் அனுப்பி வைத்தார். திரும்பும் வழியில் போர்டும் கார்ட்டரும் மனம்விட்டுப் பேசி நண்பராயினர். நம்மில் யார் முந்தி இறப்பினும் மற்றவர் இரங்கலுரை ஆற்றுவது என்று பின்னர் ஓர் உடன்பாடும் செய்துகொண்டனர். 2007 சனவரியில் போர்டின் இறுதிச் சடங்கிற் கார்ட்டர் பேசினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தாம் கூறிய அந்த நன்றியையே மீண்டும் கூறினார். 2025 சனவரி 9-ஆம் நாள் கார்ட்டரின் இறுதிச் சடங்கு நடந்தபோது, போர்டு மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் உடன்பாடு தவறவில்லை. கார்ட்டருக்காகப் போர்டு முன்னரே எழுதி வைத்திருந்த இரங்கலுரையை அவர்தம் மகன் படித்தார். இறந்தவர் ஒருவர், தம்மைத் தோற்கடித்த மற்றொருவருக்குச் சொன்ன சொல்லைக் காத்தார்!

1992-இல் தோற்ற மூத்த புசு, தம்மை வென்ற கிளிண்டனுக்கு, உங்கள் வெற்றியே இனி நாட்டின் வெற்றி என்னும் பொருள்பட ஒரு மடலை மேசைமேல் வைத்துச் சென்றார். பின்னர் 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையையும், ஈழத்தின் கரைகளையும், தென்கிழக்காசிய நாடுகளையும் அழித்தபோது, அவ்விருவரும் இணைந்து உதவிநிதி திரட்டினர். 2005 பிப்ரவரியில் இந்தோனேசியா, தாய்லாந்து, இலங்கை, மாலைத்தீவு ஆகிய நாடுகளுக்கு ஒன்றாகவே வந்தனர். வானூர்தியில் இருந்த ஒரே படுக்கையை அகவையில் மூத்தவரான புசுக்குக் கிளிண்டன் விட்டுக்கொடுத்தார் என்பர். இது சிறு செய்திதான். ஆயினும் ஆட்சியைப் பறித்துக் கொண்டவர் படுக்கையை விட்டுக் கொடுத்தார் என்பதில் ஒரு நயம் உண்டு.

பண்பும் உடந்தையும் வேறு

இனி, மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 'ஆண்டவர்களும் ஆள்பவர்களும் தமக்குள் ஒரு கூட்டாகிவிட்டனர். ஒருவர் தவற்றை மற்றவர் மூடி மறைக்கின்றனர். மேடையில் அவர்கள் சிரித்துக்கொள்ளும்போது அடிபட்ட மக்கள் அழுதுகொண்டிருக்கின்றனர்' என்னும் குறையும் உண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. போர்டு, 1974 செப்தம்பர் 8-ஆம் நாள், நிக்சனின் குற்றங்கள் அனைத்தையும் உசாவலுக்கு முன்னரே பொறுத்தருளினார். நாடு அமைதியுற அதுவே வழி என்று அவர் கூறினார். சட்டத்தின் முன் யாவரும் நிகர் என்பதைக் கெடுத்தது அது என்று மக்களுட் பெரும்பாலார் அன்று கருதினர். எவ்வாறாயினும் அஃது அவைப்பண்பு அன்று. அஃது ஆட்சிச் செயல். இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

1978 சனவரியில், 1968-ஆம் ஆண்டுத் தேர்தலில் நிக்சனிடம் தோற்ற அம்பிரியின் நினைவுச் சடங்குக்கு நிக்சன் வந்தார். பொறுப்புத் துறந்தபின் அவர் தலைநகர்க்கு வந்தது அதுவே முதன்முறை. அழைத்தவர் இறக்குந் தறுவாயில் இருந்த அம்பிரியேதான். அப்பொழுது ஆண்டுகொண்டிருந்த கார்ட்டரும் அங்கிருந்தார். நிக்சனுக்கு இருக்கை கிடைத்தது; குற்றம் கழுவப்படவில்லை. அதுவே சரியான அளவு. இருக்கை கொடுப்பது வேறு; நற்சான்று கொடுப்பது வேறு.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. 2006 பிப்ரவரியில், கருப்பின மக்களின் உரிமைப்போர்த் தலைவர் மார்ட்டின் உலூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா அம்மையாரின் இறுதிச் சடங்கு நடந்தது. ஆண்டுகொண்டிருந்த இளைய புசு மேடையில் அமர்ந்திருந்தார். அவர் கேட்டிருக்கவே, ஈராக்கிற் பேரழிவுப் படைக்கலங்கள் கிடைக்கவில்லை என்பதை மூத்த உரிமைப் போராளியான உலோவரி இடித்துரைத்தார். கிங் குடும்பத்தார்மேல் அரசு மறைவாக ஒட்டுக்கேட்டதையும், பெரும்புயலிற் கைவிடப்பட்ட ஏழை மக்களின் தோல்நிறத்தையும் கார்ட்டர் நினைவூட்டினார். இது பண்பு மீறலா? மீறல் என்று சினந்தவர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. இறந்தவரின் வாழ்வே போர் எதிர்ப்பாகவும் நிறவெறி எதிர்ப்பாகவும் இருந்தது. அவரைப் பற்றிப் பேசுவோர் அவற்றை மறைத்துப் பேசுவதே அவருக்குச் செய்யும் இழிவாகும். புசும் எழுந்து போய்விடவில்லை; அமர்ந்திருந்து கேட்டு, உலோவரியைத் தழுவிக்கொண்டார். கொள்கையைப் பேசியதும் பண்பே, கேட்டுக்கொண்டிருந்ததும் பண்பே.

2018 செப்தம்பரில், மேலவை உறுப்பினர் மக்கெயினின் இறுதிச் சடங்கில், அவரை வெவ்வேறு தேர்தல்களில் தோற்கடித்த இளைய புசும் ஒபாமாவும் அவர்தம் விருப்பப்படியே இரங்கலுரை ஆற்றினர். ஆண்டுகொண்டிருந்த திரம்பு அழைக்கப்படவில்லை. போரிற் சிறைப்பட்டவர் என்பதற்காகவே மக்கெயினைத் திரம்பு இகழ்ந்திருந்தார். அழைக்காதது அக்குடும்பத்தின் உரிமை. ஆனால், அதே ஆண்டு திசம்பரில் மூத்த புசு மறைந்தபோது, தேர்தல் மேடையில் தம் மகனை எள்ளியவராயினும் திரம்பை அக்குடும்பம் அழைத்தது. திரம்பும் வந்து அமைதியாக அமர்ந்திருந்தார். உடலைக் கொணரத் தலைவர்க்குரிய வானூர்தியையும் அனுப்பினார். வெறுப்பில் ஊறிய காலத்திலும் இது முடியும் என்பதற்கு அந்நாளே சான்று.

அண்மைக் காலச் சரிவு

2016-ஆம் ஆண்டுத் தேர்தலில், மக்கள் வாக்கில் 28 இலக்கத்துக்கு மேல் மிகுதியாகப் பெற்றும் தோற்ற இலாரி கிளிண்டன், 2017-இல் திரம்பின் பொறுப்பேற்பு விழாவுக்கு வந்து அமர்ந்திருந்தார். அது எளிய செயலன்று. 2021-இல் அந்த விருந்தோம்பல் திரும்பி வரவில்லை. தேர்தலில் தோற்றதை ஏற்க மறுத்த திரம்பின் ஆதரவாளர்கள் சனவரி 6-ஆம் நாள் நாட்டின் பேரவைக் கட்டடத்தைத் தாக்கினர். சனவரி 20-ஆம் நாள் காலையிலேயே திரம்பு புளோரிடாவுக்குப் பறந்துவிட்டார். 1869-க்குப் பின், தமக்கு அடுத்தவரின் பொறுப்பேற்பை வேண்டுமென்றே புறக்கணித்த முதல் தலைவர் அவரே. அவர் துணைவரான பென்சு விழாவுக்கு வந்தார். திரம்பும் மரபுப்படி ஒரு மடலை மட்டும் வைத்துச் சென்றார்.

'வாராவிட்டால் என்ன? ஆட்சி மாறிற்று அன்றோ?' எனலாம். ஆடம்சு வாராதபோதும் ஆட்சி மாறத்தான் செய்தது. ஆனால், தொண்டர்கள் தலைவனின் சொல்லைவிட அவன் உடம்பையே பார்க்கின்றனர். தலைவன் எழுந்து நின்று புதியவரை வணங்கினால், போர் முடிந்தது என்று அவர்கள் வீடு திரும்புவர். தலைவன் வாராதொழிந்தால், போர் முடியவில்லை என்றே கொள்வர். கலவரம் நடந்து இரு கிழமையே ஆன நிலையில் அந்த வெற்றிருக்கை என்ன செய்தி கூறியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

2025-இல் முறை மாறிற்று. சனவரி 6-ஆம் நாள், தம் தோல்வியைத் தாமே அறிவிக்கும் கடமையைத் துணைத் தலைவர் கமலா ஆரிசு தளராமல் செய்து முடித்தார். 1961-இல் நிக்சனும், 2001-இல் ஆல் கோரும் செய்ததும் அதுவே. சனவரி 20-ஆம் நாள் பைடன், நான்காண்டுகளுக்கு முன்னர்த் தம் விழாவுக்கு வாராத திரம்பை வெள்ளை மாளிகையில் தேநீர் கொடுத்து வரவேற்று, ஒரே வண்டியில் அழைத்துச் சென்றார். கடுங்குளிரால் விழா உள்ளரங்கில் நடந்தது. பைடனும் கமலாவும் சில அடி தொலைவில் அமர்ந்திருக்க, திரம்பு தம் உரையில், முடிந்த ஆட்சியைக் கடுமையாகப் பழித்தார். அமர்ந்திருந்தவர்க்கு மறுமொழி கூற இடமில்லை. பைடன் பக்கத்திலும் குறை உண்டு: நண்பகலுக்குச் சில மணித்துளிகளுக்கு முன்னர், தம் உடன்பிறந்தார்க்கும் குடும்பத்தார்க்கும் அவர் வழங்கிய பொறுத்தருளல் அறிவிக்கப்பட்டது. ஒருவர் நம்பிக்கையின்மையை வாயாற் காட்டினார். மற்றவர் கையொப்பத்தாற் காட்டினார். ஆயினும் விழா முடிந்தபின் திரம்பு இணையர் பைடன் இணையரைச் சுழலூர்தி வரை சென்று வழியனுப்பினர். மரபின் நூல் இற்றுப்போயினும் அறவே அறுந்துவிடவில்லை. ஆனால் அவ்வாண்டு செப்தம்பரில், வெள்ளை மாளிகையின் தூண்வரிசையில் முன்னைத் தலைவர்களின் படங்களை மாட்டுவித்தபோது, பைடனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கையொப்பமிடும் பொறி ஒன்றின் படம் மாட்டப்பட்டது. ஒபாமா மாற்றுக் கட்சியினரான இளைய புசையே 2012-இல் அழைத்து, அவர் படத்தைத் திறந்து வைத்துப் பாராட்டிய அதே மாளிகை அது!

மூன்று அளவைகள்

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்க அளவைகள் மூன்று.

முதலாவது, இந்த நாள் யாருடையது என்று கேட்டல். பொறுப்பேற்பு நாள் மக்களுடையது, இறுதிச் சடங்கு இறந்தவருடையது, படத்திறப்பு வரலாற்றினுடையது. எந்த நாளும் மேடையில் நிற்பவருடைய தனியுடைமை அன்று.

இரண்டாவது, மறுமொழி கூற இயலாதாரைப் பழியாமை. தேர்தற் களத்திலும் பேரவையிலும் எத்துணைக் கடுமையாகவும் தாக்கலாம். அங்கு எதிர்த்துப் பேச அவர்க்கும் வாயுண்டு. அழைத்து வந்து அமர்த்தி, வாயைக் கட்டி வைத்துத் தாக்குவது வீரமன்று, விருந்தோம்பலுமன்று.

மூன்றாவது, பண்பை உடந்தையாக்காமை. கைகுலுக்கலாம், கணக்குக் கேட்பதைக் கைவிடலாகாது. எழுந்து நின்று வணங்கலாம், குற்றத்தை மூடலாகாது. பண்பின் பெயரால் கொள்கையை விற்பவனும், கொள்கையின் பெயரால் பண்பை எறிபவனும் ஒரே பிழையைத்தான் இரு வழியிற் செய்கின்றனர்.

கொள்கை உறுதி உடையார்க்கே இம்மூன்றும் எளிதாகும். தன் கொள்கை வெல்லும் என்று நம்புபவன், இன்று தோற்றதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான். இன்று வென்றதற்காகப் பிறர் முகத்திற் கரி பூசவும் மாட்டான். வாழ்நாள் முழுதும் ஒரே வெற்றியை நம்பியிருப்பவனுக்கே அவ்விரண்டும் தேவைப்படும்.

தோற்றவர் வந்தமர ஓர் இருக்கையும், அவர் வந்தமரும் நெஞ்சமும், அவரை அமரவைக்கும் நெஞ்சமும் இருக்கும்வரை ஆட்சி வாக்குச்சீட்டால் மாறும். அந்த இருக்கை அகற்றப்படும் நாளில், அடுத்த ஆட்சி மாற்றத்துக்கு மக்கள் வேறு கருவியைத் தேடுவர். அதனை எந்த நாடும் தாங்காது.